ஞாயிற்றுக்கிழமைப் பீப்பா

சுவிஸ் நாட்டில் ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்த்துவிட்டு, அதற்குப் பிறகும் அதே வீட்டில் குடியிருந்த ஒரே மனிதர் பீப்பா அண்ணைதான். வங்கியை ஏமாற்றியவர்களை இந்த நாடு மன்னித்திருக்கிறது. ஞாயிறு தோய்த்தவரை மன்னித்ததாக நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அவருடைய சொந்தப் பெயர் கடிதப் பெட்டியில் இருந்தது. நீளம் கூடிப்போனதால் பாதியில் வெட்டியிருந்தார்கள். மீதியை யாரும் தேடவில்லை.

பீல் நகரத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் ஒரு பழைய மஞ்சள் மாடிவீடு. மூன்றாம் மாடியில் நானும் மனைவியும். எதிர்க்கதவில் அண்ணையும் அவர் மனைவி தவமக்காவும். கீழ் மாடிகளில் எல்லாம் மணிக்கூட்டுத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர்கள். அந்த வீட்டின் படிகளில் மாலையில் இறங்கினால், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒரு சுவர்க்கடிகாரம் மூச்சுவிடுவது கேட்கும்.

அண்ணைக்கும் மணிக்கூட்டு வேலைதான். எள்ளைவிடச் சின்னப் பல்லுச் சக்கரங்களைச் சாமணத்தால் எடுத்து இடத்தில் வைக்க வேண்டும். தும்மினால் காலைநேர உழைப்பு முழுக்கப் பறந்துவிடும்.

"தம்பி, நான் செய்யிற சாமானை நானே வடிவாக் கண்டதில்லை. சாக முதல் கண்ணாலை காணக்கூடிய ஒரு சக்கரம் செய்யவேணும்" என்பார். இதை அவர் ஆசையாகச் சொல்கிறார் என்று நினைத்திருந்தேன். அது எச்சரிக்கை என்று பிறகுதான் விளங்கியது.

இங்கே பழைய மாடிவீடுகளில் ஆளுக்கொரு சலவை மெசின் கிடையாது. நிலவறையில் வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று. அந்த அறையின் சாவி முறைவைத்துக் கதவு கதவாகச் சுற்றிவரும். உங்கள் முறை வருகிற நாளில் காய்ச்சல் வரலாம், கலியாணம் வரலாம்; சாவி உங்களுக்காக நிற்காது. தோய்த்து முடிந்தால் மெசினின் கதவு விளிம்பைத் துடைக்க வேண்டும், பஞ்சு வடிகட்டியை வழிக்க வேண்டும், தரையை ஈரமில்லாமல் விட வேண்டும். நம்முடைய கோயில் மூலஸ்தானத்துக்குக்கூட இவ்வளவு ஆசாரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையோ அந்த அறை நடை சாத்திவிடும். ஞாயிறைச் சுவிஸ்காரர் கண்ணாடிப் பாத்திரம்போலத் தூக்கிவைத்திருப்பார்கள். வக்கூம் கிளீனர் கூடாது, ஆணி அறையக் கூடாது, வெற்றுப் போத்தலைத் தொட்டியில் போடக்கூடாது. மழை பெய்தாலும் மெதுவாகப் பெய்தால் நல்லது.

இந்த ஆசாரத்தின் தலைமைக் குருக்கள் முதலாம் மாடி மூஸர் அம்மா. மெலிந்த, நிமிர்ந்த, எழுபது கடந்த பெண்மணி. பீல் இரட்டைமொழி நகரமல்லவா, ஒரே குற்றத்துக்கு அவரிடம் ஜெர்மனிலும் ஏச்சு வாங்கலாம், பிரெஞ்சிலும் வாங்கலாம். ஒருநாள் அவர் அண்ணையின் கதவைத் தட்டினார். கையில் சாமணம். சாமணத்தின் நுனியில் ஒரு துளிப் பஞ்சு.

"வடிகட்டியில் இருந்தது. இது உங்களுடையதா?"

அண்ணை கண்ணாடியை மாட்டி, பஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இல்லை அம்மா. என்னுடையது கறுப்பு. இது இரண்டாம் மாடிக்காரருடைய போர்வை" என்று ஜெர்மனில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "சாமணம் நல்ல சாமணம், தம்பி. தொழிற்சாலைச் சாமான்" என்றார்.

அண்ணையின் உண்மையான தொல்லை பஞ்சு அல்ல. சாவி அவர் கதவுக்கு மாலையில்தான் வரும்; அப்போது அவர் பிந்திய ஷிஃப்டில் இருப்பார்; எதிர்வீதி முதியோர் இல்லத்துச் சமையலறையில் விடிகாலை ஷிஃப்ட் பார்க்கும் தவமக்கா நித்திரையில் இருப்பார். இருவரும் வீட்டில் சேர்ந்திருப்பது ஞாயிறு மட்டும். அழுக்குக் கூடை நிரம்பி வழியத் தொடங்கிய ஒருநாள் அண்ணை என்னை நிலவறைக்கு இழுத்துப்போய்ச் சுவரில் தொங்கிய வீட்டு விதிகளைக் காட்டினார்.

"வாசியும் பாப்பம். ஞாயிறு தோய்க்கக் கூடாது எண்டு போட்டிருக்கோ, மெசின் ஓடக்கூடாது எண்டு போட்டிருக்கோ?"

"மெசின் ஓடக்கூடாது எண்டுதான் கிடக்கு, அண்ணை."

"அப்ப சரி. மெசின் எண்டால் கரண்டு. கையாலை சுத்தினால் அது தேகப்பயிற்சி."

அன்றைக்குத் தொடங்கியது வினை.

மலைக்கிராமம் ஒன்றின் காட்சிசாலைக்குத் தொழிற்சாலையிலிருந்து சுற்றுலா கூட்டிப்போன இடத்தில், மின்சாரம் வருமுன் இருந்த சலவைப் பொறி ஒன்றை அவர் பார்த்திருந்தார். தொட்டில் மாதிரி வளைந்த அடி, உள்ளே வரிவரியாக மரச்சட்டம். உடுப்பும் வெந்நீரும் சவர்க்காரமும் போட்டு ஆட்ட வேண்டும். "நாங்கள் பிள்ளையைப் போட்டு ஆட்டினம். இவங்கள் உடுப்பைப் போட்டு ஆட்டியிருக்கிறாங்கள்" என்று வியந்து, அதேபோல ஒன்று செய்தார். முதல் ஞாயிறே தொட்டில் உற்சாகத்தில் கரை கடந்தது. வெந்நீர் நிலவறை முழுக்கப் பரவி, மூஸர் அம்மாவின் பனிச்சறுக்குப் பலகைகளை வைப்பறைக் கம்பிவலைக்குள் தட்டி எழுப்பியது. கோடைகாலத்தில், பனி இல்லாமலே அவை சறுக்கின.

"மூடி இல்லாததுதான் பிழை" என்றார் அண்ணை.

மூடி தேடிப்போன இடத்தில் பீப்பா கிடைத்தது. ஏரிக்கரைத் திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் பழைய வைன் பீப்பாவைச் சும்மா கொடுத்தார். அதைப் படுக்கவைத்து, நடுவே அச்சுப் போட்டு, பக்கவாட்டில் கதவு வெட்டி, கைபிடி பொருத்தினார். சுற்றும்போது உடுப்பு ஏறி ஏறி விழவேண்டும் என்று உள்ளே பலகைகள் அடித்தார். அழகான பொறி. ஒரேயொரு விஷயத்தை மறந்துவிட்டார்: அந்தப் பீப்பா தலைமுறை தலைமுறையாகச் சிவப்பு வைன் குடித்து வளர்ந்தது. கோயில் தேருக்கு வைத்திருந்த பட்டுக்கரை வேட்டி உள்ளே வெள்ளையாகப் போய், வெளியே ரோசாப்பூ நிறத்தில் வந்தது. வேறு நல்ல வேட்டி இல்லை. அதையே கட்டிக்கொண்டு வடம் பிடித்தார். பக்கத்தில் நின்றவர்கள் வைன் வாடையை மோந்து பார்த்தார்கள்.

"பீப்பாவுக்குள்ளை விழுந்து எழும்பினவர் போலை கிடக்கு" என்றார் ஒருவர். பெயர் ஒட்டிக்கொண்டது. தவமக்காவைப் பீப்பா அக்கா என்று அழைக்கவும் ஒருவர் முயன்றார். ஒருமுறைதான் முயன்றார்.

அடுத்தது பிழியும் பகுதி. இரண்டு மர உருளைகள், அவற்றைச் சுற்ற இன்னொரு கைபிடி. ஈர உடுப்பை இடையில் கொடுத்தால் கரும்பு பிழிவதுபோலப் பிழியும். முதல் உடுப்பு என்னுடைய நீலச் சேட்டு. "தாரும் தம்பி, பயப்பிடாதையும்" என்று வாங்கி உருளைக்குள் விட்டார். டப், டப், டப் என்று பொத்தான்கள் ஒவ்வொன்றாக வெடித்துப் பறந்தன. அப்போது பார்த்துக் கதவைத் திறந்த அப்வார்ட், அதாவது வீட்டுக் காவல்காரர் ட்சூர்ஹர், நெற்றியில் ஒன்று வாங்கினார்.

"பாத்தீரோ, சேட்டு காஞ்சிட்டுது!" என்று அண்ணை தூக்கிப் பிடித்தார். காய்ந்துதான் இருந்தது. இனி அதை யாரும் பூட்ட முடியாது.

இவ்வளவையும் அந்த வீடு பொறுத்தது. பொறுக்காதது ஒன்று இருந்தது. பீப்பாவை ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டிருந்தால் உள்ளே இருப்பதெல்லாம் முறுகித் தேர்வடம்போல ஆகிவிடும். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்ற வேண்டும். எப்போது மாற்றுவது? அண்ணை அதற்குக் கூத்துப் பாட்டுப் பாடினார். ஒரு அடிக்கு வலம், மறு அடிக்கு இடம். ராசா வரவென்றால் வேகமாக, ராணி புலம்பல் என்றால் மெதுவாக. கம்பளிக்குப் புலம்பல். நிலவறைக் குழாய்கள் வழியாக அந்தக் குரல் ஒவ்வொரு குளியலறையிலும் புறப்பட்டது. ஞாயிறு காலையில் பல் துலக்கும் முதியவர்களின் முகம் கழுவும் தொட்டிக்குள்ளிருந்து ஓர் அரசன் கர்ச்சித்தான்.

மூஸர் அம்மா முறையிட்டார். இரண்டு மொழியிலும்.

ட்சூர்ஹர் மூன்றாம் மாடிக்கு ஏறிவந்தார். நெற்றியில் இன்னும் சின்னச் சிவப்பு. "வருகிற ஞாயிறு வீட்டு நிர்வாகத்தின் ஆள் நேரே வந்து கேட்பார். சத்தம் இருந்தால் வீட்டை விடவேண்டியதுதான். எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதுதான் நிலைமை."

அவர் போனபின் தவமக்கா கதவைச் சாத்தினார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இஞ்சாருங்கோ. எங்கடை பேரைப் பாத்து எத்தினை பேர் வீடு இல்லையெண்டு சொன்னவை? இஞ்சையிருந்து நான் நடந்து வேலைக்குப் போறன். பஸ் எழும்ப முதல் நான் எழும்பிறனான். இந்த வீடு போச்செண்டால் என்ரை வேலையும் போச்சு. விளங்குதோ?"

"விளங்குது."

"பீப்பாவை விடுங்கோ."

"பாட்டை விடுறன்."

பாட்டை விட்டுப் பார்த்தோம். நான் கை காட்ட, அவர் சுற்ற. எனக்குக் கவனம் சிதறுகிற பழக்கம். நிலவறையின் சிறு யன்னலில் வெயில் வந்து தரையில் ஒரு பொன் துவாய் விரித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தவமக்காவின் சேலை ஒன்று மற்ற உடுப்பெல்லாவற்றையும் விழுங்கி, மலைப்பாம்பாக வெளியே வந்தது. அண்ணை என்னைக் கோபிக்கவில்லை. பாம்பின் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வெகுநேரம் தன் விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பீப்பாவுக்கு நேரம் தெரியேல்லை, தம்பி. அதுதான் பிரச்சினை" என்றார்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்தால் நேரே நிலவறைக்குத்தான். மரத்தைச் செதுக்கும் ஓசை மட்டும் வரும். ஞாயிறு காலை பார்த்தால், பீப்பாவின் பக்கத்தில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு பல்லுச் சக்கரம், அதன் மேல் ஒரு கொக்கி, கொக்கியில் தொங்கும் ஒரு பாரம். கைபிடியை ஒரே பக்கம் சுற்றினால் போதும். பீப்பா தானாகவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும். திரும்பும் ஒவ்வொரு தடவையும் கொக்கி பல்லில் விழும். வாய் திறக்க வேண்டியதில்லை.

நிர்வாகத்தின் ஆள் வந்தார். இளைஞர், கோட்டுப் போட்டவர், ஞாயிறு கெட்ட எரிச்சல் முகத்தில். அண்ணை உதட்டை இறுக்கிக்கொண்டு கைபிடியைச் சுற்றினார்.

டிக்.

வாய் அடைத்தவர், பொறிக்கு வாய் வைத்துவிட்டார்!

டிக். டிக். குழாய்கள் அதை வாங்கி மாடி மாடியாக ஏற்றின. மேலே ஒரு கதவு திறந்தது. பிறகு இன்னொன்று. படியில் செருப்புச் சத்தங்கள் இறங்கின. முதியவர்கள் ஞாயிற்றுக்கிழமைக் கம்பளிச் சட்டைகளோடு நிலவறை வாசலில் நிறைந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் மூஸர் அம்மா. தவமக்கா படியில் நின்றபடி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டார்.

மூஸர் அம்மா கண்ணை மூடினார். தலையைச் சற்றுச் சரித்தார். திறந்து, தன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார்.

"பிந்துகிறது" என்றார்.

நிர்வாக ஆள் தொண்டையைச் செருமினார். "அம்மா, இந்தச் சத்தத்தைப் பற்றித்தானே முறையிட்டீர்கள்?"

"எந்தச் சத்தம்?"

"இதோ, இந்த டிக் டிக்."

மூஸர் அம்மா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பின்னால் நின்ற முதியவர்களும் பார்த்தார்கள். "நீங்கள் எந்த ஊர்?"

"சூக்."

"அதுதான். இந்த ஊரில் இதற்குச் சத்தம் என்று பெயர் இல்லை. நான் முறையிட்டது பாட்டைப் பற்றி. அது இன்னும் தடை." சொல்லிவிட்டு அண்ணையிடம் போனார். வேலைக்காலம் முழுக்கக் கடிகாரங்களை நேரத்துக்குத் திருத்துவதே அவர் தொழில் என்று அன்றைக்குத்தான் அறிந்தோம். பாரத்தைக் கொஞ்சம் மேலே தள்ளினார். கேட்டார். இன்னும் கொஞ்சம். "இப்போது சுற்றுங்கள்."

டிக், டிக், டிக். வாசலில் ஒரு கிழவர் பெருமூச்சு விட்டார், நல்ல சாப்பாட்டுக்குப் பின் விடுவதுபோல.

வீடு தப்பியது. நிர்வாக ஆள் போனதும் தவமக்கா இறங்கிவந்து கணவரின் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டார். அடுத்த ஞாயிறு மூஸர் அம்மா பாரத்தைச் சரிபார்க்க வந்தார். அதற்கடுத்த ஞாயிறு வரும்போது கையில் மடித்த மேசைவிரிப்பு இருந்தது. இடமும் வலமும் பார்த்துவிட்டு, பீப்பாவுக்குள் மெல்ல நழுவவிட்டார். ஞாயிறு தோய்க்கும் ஆசையை அவர் எவ்வளவு காலமாக மடித்து வைத்திருந்தாரோ! மேசைவிரிப்பு ரோசா நிறத்தில் வந்தது. அவர் அதைத் தன் மேசையில் விரித்தே வைத்திருந்தார்.

நான் இப்போது பேர்னில் இருக்கிறேன். குளியலறைக்குள்ளேயே சொந்த மெசின். சாவி இல்லை, முறை இல்லை. முடிந்ததும் ஓர் அசட்டு இசை வாசிக்கும். ஆனாலும் சில ஞாயிறுகளில் ஒரு பை அழுக்கு உடுப்போடு பீலுக்கு ரயில் ஏறுகிறேன்.

"வீட்டிலை மெசின் கிடக்க, உதென்ன விசர் வேலை?" என்கிறாள் மனைவி.

கதவைத் திறந்ததும் அண்ணை என் முகத்தைப் பார்ப்பதில்லை, பையைத்தான் பார்ப்பார். "என்ன தம்பி, இவ்வளவுதானோ? கொண்டாரும், கொண்டாரும்."

அந்தப் பிழியும் உருளைகள் இன்னும் திருந்தவில்லை. எனக்குத் தெரியும். அதனால்தான் புறப்படுமுன் அலுமாரியைத் திறந்து, பொத்தான் கூடின சேட்டாகப் பார்த்து எடுத்துப் பையில் வைக்கிறேன்.