நாற்பத்தேழாம் பக்கத்துக் கோடு

கோட்டைக் காணவில்லை.

புத்தகக்காரர் நாற்பத்தேழாம் பக்கத்தை மூடித் திறந்தார். கணினியையே அணைத்துப் போட்டுப் பார்த்தார். எழுத்தெல்லாம் அப்படியே இருந்தது. ஓரத்தில் நிற்க வேண்டிய கறுப்புக் கோடு மட்டும் இல்லை.

மருத்துவமனைகளில் அறுவைக் கருவிகளை நீராவியில் சுத்தம் செய்யும் இயந்திரத்தைத் தயாரிக்கும் கம்பெனி அது. இயந்திரத்தோடு போகும் கையேட்டை எழுதுவது அவர் வேலை. புத்தகக்காரர் என்ற பட்டப்பெயர் வந்தது அதனால்தான். வருடத்துக்கு ஒரு பதிப்பு. போன பதிப்பிலிருந்து எந்த வரி மாறினாலும் அதன் ஓரத்தில் மென்பொருள் தானாகவே ஒரு கோடு போட்டுவிடும். பதினான்கு வருடமாக அவர் அதைப் பற்றி யோசித்ததே கிடையாது.

"புது வெர்ஷன்ல அந்த வசதிய எடுத்துட்டாங்க சார்," என்றாள் கணினிப் பிரிவுப் பெண். "ரொம்பப் பேர் யூஸ் பண்றதில்லையாம்."

"நான் பண்றேனே!"

"நீங்க ஒரு ஆளுதானே சார்."

"அப்ப பழைய வெர்ஷனையே போட்டுக் குடும்மா."

"புதுசுல ஒரு தடவ தொறந்த ஃபைல் பழசுல தொறக்காது. நீங்க தொறந்துட்டீங்க. காலைலேர்ந்து ஏழு தடவ தொறந்திருக்கீங்க."

வேறு வருடமாக இருந்தால் அவர் விட்டிருப்பார். 'இயந்திரம் நின்று பத்து நிமிடம் கழித்துக் கதவைத் திறக்கலாம்' என்று நாற்பத்தேழாம் பக்கத்தில் இருந்த வரியைப் போன பதிப்பில் இருபத்தைந்து நிமிடம் என்று மாற்றியிருந்தார். ஓரத்தில் கோடும் விழுந்திருந்தது. புத்தகம் போய்ச் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு மருத்துவமனையில் ஒரு பெண் பத்தாவது நிமிடத்தில் கதவைத் திறந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டதால் முகம் தப்பியது. வலது கை முழங்கை வரை வெந்துபோனது.

"நம்ம மேல தப்பில்லய்யா. கோடு போட்டிருக்கோம்ல," என்றார் மேனேஜர். விசாரணை அறிக்கையும் அதையே சொன்னது.

புத்தகக்காரருக்கு மனசு ஆறவில்லை. அந்தக் கோடு நூல் மாதிரி இருக்கும். அவசரத்தில் அவள் கண்ணில் பட்டிருக்காது. இந்தப் பதிப்பில் அதே பக்கத்தில், அழுத்தம் காட்டும் முள் பூஜ்யத்துக்கு வந்த பிறகே கதவைத் தொட வேண்டும் என்று சேர்த்திருந்தார். இதுவும் கண்ணில் படாமல் போனால் இன்னொரு கை வேகும்.

மாறிய இடங்கள் முப்பத்தொன்று. மௌஸைப் பிடித்து அவரே ஒவ்வொன்றுக்கும் கோடு வரைந்தார். ஒரு பகல் முழுக்க ஆனது. மறுநாள் மேனேஜர் வந்து, கம்பெனியின் புது விலாசத்தை மூன்றாம் பக்கத்தில் சேர்க்கச் சொன்னார். விலாசம் இரண்டு வரி. எழுத்தெல்லாம் இரண்டு வரி கீழே இறங்கியது. கோடுகள் போட்ட இடத்திலேயே நின்றன. நாற்பத்தேழாம் பக்கத்துக் கோடு இப்போது 'இயந்திரத்தின் வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைக்கவும்' என்பதற்குக் காவல் இருந்தது.

கோடே வேண்டாம் என்று மாறிய வரிகளைச் சிவப்பாக்கினார். திரையில் ரத்தம் மாதிரி பளிச்சென்று இருந்தது. எண்பது பிரதிகள் அச்சாகி வந்தன, கறுப்பு வெள்ளையில். சிவப்பு வெளிறிய சாம்பல் நிறமாகியிருந்தது.

மேனேஜர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஏன்யா, எது முக்கியமோ அது மட்டும் பாத்துத் தேஞ்சு போயிருக்கு?"

"திரும்ப அடிச்சிடலாம் சார்."

"திங்கக்கெழம புக்கு போயாகணும். எண்பது புக்க இன்னொரு தடவ அடிக்க நேரம் எங்க இருக்கு?"

சனிக்கிழமை எண்பதும் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தன. ஞாயிறு காலை சாப்பாட்டு மேசையில் அளவுகோலும் தடித்த கறுப்பு மார்க்கரும் தயார். மனைவி ஒரு பக்கம், அவளுடைய தம்பி ஒரு பக்கம்.

"எத்தன கோடுங்க?" என்றாள் மனைவி.

"ஒரு புக்குக்கு முப்பத்தொண்ணு. மொத்தம் ரெண்டாயிரத்து நானூத்தி எண்பது."

"கல்யாணம் பண்ணி வைக்கறப்ப இத யாரும் எங்கிட்டச் சொல்லல."

நாற்பதாவது புத்தகம் முடிந்த பிறகுதான் அவர் ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். மை ஊறிப் பின்பக்கமும் அதே தடிப்பில் கோடு தெரிந்தது. நாற்பத்தேழுக்குப் போட்டால் நாற்பத்தெட்டுக்கும் சேர்த்து. வாரண்டி ஷரத்துகூட மாறியதுபோல் இருந்தது.

மைத்துனன் முடித்த புத்தகங்களில் கோடில்லாத பக்கமே அகப்படவில்லை.

"என்னடா இது? நான் குறிச்சுக் குடுத்தது முப்பத்தொண்ணுதானே?"

"படிச்சுக்கிட்டே போட்டேன் மாமா. எல்லாமே முக்கியமாத்தான் இருந்துச்சு. எதுக்கு வம்புன்னு எல்லாத்துக்கும் இழுத்துட்டேன்."

"இவனுக்குப் போய் மார்க்கரக் குடுத்தீங்களே," என்றாள் மனைவி, தம்பியை விட்டுக்கொடுக்காத குரலில்.

புத்தகக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு அவருக்கே ஒரு சமாதானம் தோன்றியது. கோடு அதிகமானால் என்ன? குருடனுக்கும் தெரியும். நாற்பத்தேழாம் பக்கத்தை எடுத்து எல்லாப் புத்தகத்திலும் இன்னொரு கோடு அவர் கையாலேயே இழுத்தார்.

திங்கட்கிழமை முதல் பிரதியை அவரே அந்த மருத்துவமனைக்கு எடுத்துப்போனார். போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

கீழ்த்தளத்தில் புழுக்கமான அறை. எஃகுத் தட்டுகள் அடுக்கப்பட்டிருந்தன. அந்தப் பெண் வேலைக்குத் திரும்பியிருந்தாள். இயந்திரத்தின் பக்கம் இப்போது இன்னொருத்தி நின்றாள். இவள் மேசையில் உட்கார்ந்து தட்டுகளை எண்ணிக் கொண்டிருந்தாள். வலது கையில் தோல் முழங்கை வரை இழுத்து ஒட்டியது போலப் பளபளத்தது. இடது கையால் புத்தகத்தை வாங்கிப் புரட்டினாள்.

"என்ன சார், இந்தத் தடவ புக்கு பூராக் கோடு?"

"உங்களுக்காகத்தாம்மா," என்றார். "போன தடவ கோடு ரொம்ப மெல்லிசாப் போச்சு. அது மட்டும் உங்க கண்ணுல பட்டிருந்தா இந்தக் கை... எம்மேலதாம்மா தப்பு. மன்னிச்சிடுங்க."

அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. எழுந்து தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டாள்.

"அட, நீங்க ஏன் சார் கண் கலங்கறீங்க, கோடு நல்லாத் தெரிஞ்சுது, கோடு போட்டதெல்லாம் இன்னும் முடிவாகாத விஷயம், அடுத்த புக்குல மாத்திடுவாங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரியுமே, அதனாலதான் நான் பழையபடி பத்து நிமிஷத்துலயே தொறந்தேன்."