மேடம் சொன்னால் மறுபேச்சில்லை

வாசல் பூட்டை யாரோ சுரண்டும் சத்தம். க்ரக், க்ரக். கொஞ்சம் நிதானம். மறுபடி க்ரக். இருட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, இஸ்திரிப் பெட்டியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு, என் கணவருக்கு போன் போட்டேன். மணி கதவுக்கு வெளியே அடித்தது.

என் கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கப் பார்த்தாராம். பாதுகாப்புச் சோதனையாம். ஊசி உள்ளே உடைந்து, அன்றோடு பூட்டு பூட்டுவதை நிறுத்திக்கொண்டது. மேல் தாழ்ப்பாளோ இரண்டு வருடமாகப் பெயிண்டில் இறுகிக் கிடக்கிறது. எண்ணெய் போடச் சொன்னால் நாளைக்கு என்பார். அன்றிலிருந்து கதவுக்கு ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு, தூக்கம் வராமல் நான் அதற்கு எதிரே படுத்திருந்தேன்.

இத்தனைக்கும் இவர் ஒன்பது வருடமாக மெத்தைக் கடையில் விற்பனையாளர். வாடிக்கையாளரிடம் இல்லை என்ற சொல்லை இவர் வாய் சொன்னதே கிடையாது. மாத முடிவில் அந்தக் கடையை மூடுகிறார்கள். கம்ப்யூட்டரில் இவருக்குத் தெரிந்தது பில் போடுவது. ஆனால் சைபர் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, வேறு தொழிலில் இருந்தவர்களையும் பழக்கி எடுத்துக்கொள்கிறது என்று கேள்விப்பட்டு மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டார். வேலை விசித்திரமானது. கம்பெனிகள் கேட்டுக்கொண்டபடி அவற்றின் ஊழியர்களுக்கே யாரோ போல போன் செய்து, யார் ரகசியத்தை உளறுகிறார்கள் என்று பார்த்து, பிறகு அவர்களுக்குப் புத்தி சொல்வது.

கடைசிப் பரீட்சைக்கு, வீட்டில் ஒருவரிடம் முன்கூட்டியே சம்மதம் வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் அவரை ஏமாற்றி பாஸ்வேர்டைக் கறந்து, அறிக்கை எழுத வேண்டும். பத்து மாதக் குழந்தைக்குப் பாஸ்வேர்டு கிடையாது என்பதால் நான் அகப்பட்டேன்.

"நீ பயந்தாங்கொள்ளி. ரெண்டு நாள்ல முடிஞ்சிரும்."

"ஏங்க, நானும் உங்கள ஏமாத்திப் பாக்கலாமா?"

"தாராளமா. ஆசைப்படுற, பாவம்."

கேஸ் மூடியிருக்கிறதா என்று மூன்று தரம் பார்த்துவிட்டுப் படுப்பவளை ஏமாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று இவருக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை, பார்சல் வந்திருக்கிறது, இங்கே தொடுங்கள் என்று ஒரு செய்தி. பயத்தில் போனையே அணைத்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை பாங்கிலிருந்து அடைத்த மூக்கோடு ஒரு குரல். வெந்நீரில் ஆவி பிடிக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். புதன்கிழமை என் அக்கா பெயரில், அவசரம், ப்ளீஸ் என்று வந்தது. என் அக்கா பிறந்ததிலிருந்து ப்ளீஸ் சொன்னதில்லை.

வியாழக்கிழமை என் முறை. நான் கான்வென்டில் படித்தவள். எங்கள் தலைமை சிஸ்டரின் குரல் இன்னும் என் முதுகெலும்பில் இருக்கிறது. அதை எடுத்து என் தொண்டையில் மாட்டிக்கொண்டு, மாடி வீட்டுத் தையற்கார அக்காவின் போனிலிருந்து இவரைக் கூப்பிட்டேன். தேர்வு அலுவலகம், உங்கள் கணக்கு முடங்கிவிட்டது என்று நறுக்கு நறுக்கென்று இங்கிலீஷில் சொன்னேன். நிற்கிறீர்களா, உட்கார்ந்திருக்கிறீர்களா என்றும் கேட்டேன்.

"எந்திரிச்சுட்டேன் மேடம்."

பாஸ்வேர்டை நிதானமாகச் சொல்லச் சொன்னேன். சொன்னார். குழந்தையின் செல்லப்பெயரும், அவளுக்கு முதல் பல் தெரிந்த தேதியும். அந்தத் தேதி எனக்கே மறந்திருந்தது. தையல் அளவு நோட்டின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டேன்.

"வேற எதாவது பாக்குறீங்களா மேடம்?" என்றார்.

மாலையில் உண்மையைச் சொன்னேன். இவர் நாற்காலியில் உட்கார்ந்து, அறிக்கைத் தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கடை மூடப் போகிற நேரத்தில், விளையாட்டாக இந்த வேலைக்கும் உலை வைத்துவிட்டேனே.

"நான் ஏமாந்துட்டேன்னே எழுதுங்க. கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"பாதுகாப்பு வேலைக்குப் பொய் சொல்லிப் போறதா? அதுவும் உன்ன முட்டாளாக்கிட்டு?"

உள்ளதை உள்ளபடி எழுதினார். எழுந்து நின்றதைக்கூட விடவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்தினேன்.

இன்று மாலை, அறிக்கையைக் கொடுக்க நிறுவனத்துக்குப் போய்வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆள் எடுத்துட்டாங்க."

"உங்களையா?"

"மேடத்தை."

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு நான் போய் அவர்களைப் பார்க்க வேண்டுமாம். பயிற்சிக் காலத்திலேயே சம்பளமாம். இவரை அடுத்த குழுவில் பார்க்கலாம் என்றார்களாம். அதுவரை குழந்தை தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டு, பால் பாட்டிலை எந்தப் பக்கம் திறப்பது என்று என்னிடமே கேட்டார். எனக்குப் பயமாயிருக்கிறது என்றேன்.

"அந்தப் பயத்துக்குத்தான் சம்பளமே தர்றாங்க. போயிட்டு வா."

குழந்தை தூங்கிவிட்டாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். இவர் நாற்காலியின் மேல் ஏறி, குழந்தைக்குத் தடவும் எண்ணெயைத் தாழ்ப்பாளில் ஊற்றி, இரண்டு வருடப் பெயிண்டோடு மல்லுக்கட்டுகிறார். நீ இனிமேல் நிம்மதியாகத் தூங்கலாம் என்கிறார். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாராம். உயிரே போனாலும் யாரிடமும் சொல்ல மாட்டாராம், என்னிடம்கூட.

பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமல், சிஸ்டரின் குரலில், புதிய பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன்.

நாற்காலி மேலேயே முதுகு நிமிர்ந்தது.

"பயந்தாங்கொள்ளி. இங்கிலீஷ்ல, எல்லாமே சின்ன எழுத்து, மேடம்."

சொல்லிவிட்டுத்தான் தாழ்ப்பாளைப் போட்டார்.