நல்ல வயர்

நகரி
21-11-99

சிரஞ்சீவி ஸ்ரீஹரிக்கு, நைனா வேதாச்சலம் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதுவது. இங்கே நானும் உன் பியட் காரும் நலம். காலையில் நான் எழுந்துவிடுகிறேன், அது எழுந்திருப்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். உன் அம்மா பெங்களூரில் உன் அக்கா ரூபாவின் கைக்குழந்தையோடு சௌக்கியம். நீ அமெரிக்காவில் சௌக்கியமாக இருக்கத் திருத்தணி முருகன் துணையிருப்பான்.

உன் கடிதம் வந்தது. இரண்டாயிரம் பிறக்கும்போது உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், அதனால் பொங்கலுக்கும் லீவு இல்லையாம், காரை எப்படியாவது ஸ்டார்ட் செய்து திருப்பதியில் இருக்கும் உன் சிநேகிதன் தமிழ்செல்வனிடம் கொடுத்துவிட வேண்டுமாம். கூடவே சொலினாய்டுக்கு ஒரு வயரிங் படம். இன்னும் நிற்காத கம்ப்யூட்டருக்கு அத்தனை பேர் ஓடுகிறீர்கள், நின்றே போன காருக்கு நான் ஒருத்தன்தான். கோபமாக எழுதவில்லை, சும்மா சொன்னேன்.

தப்பு உன்னுடையதுதான். கம்பியைப் பிடித்து இழுத்தால் ஸ்டார்ட் ஆகும் நல்ல வண்டி அது. அதன் கூரையை அறுத்தாய், எருமைக்கால் போலத் தடித்த டயர் மாட்டினாய், இழுக்கிற கம்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சாவியைத் திருப்பினாலே முழங்க வேண்டும் என்று அந்த டப்பாவை ஸ்க்ரூ போட்டு முடுக்கினாய். சாவியின் பேச்சைக் கேட்டு பேட்டரியையும் மோட்டாரையும் சேர்த்துவைக்கும் கல்யாணத் தரகர்தான் சொலினாய்டு என்று எனக்கு விளக்கமும் சொன்னாய். தரகருக்கு வயர் கொடுப்பதற்குள் உனக்கு விசா வந்துவிட்டது. சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிக்கு எடை போட்டு ரிட்டையர் ஆனவன் நான், எனக்கு வயரைப் பற்றி என்ன தெரியும்? நம் மெக்கானிக் கன்னையாவைக் கேட்கலாம் என்றால் அவனும் நாயுடுபேட்டை ஹைவேயில் லாரி பார்க்கப் போய்விட்டான். இந்த ஊரில் இருப்பதே தப்பு என்பது போல எல்லாரும் எங்கேயாவது போய்விடுகிறார்கள். எஸ்டிடி பூத்தில் நின்று அவனுக்குப் போன் போட்டேன்.

அவன் பேசுவது உனக்குத் தெரியுமே, பாதி தமிழ், பாதி தெலுங்கு. "சார், ரெண்டு வயர் தொங்குது இல்ல? அதுல நல்ல வயர் பாடிக்கு. இன்கொகட்டி சொலினாய்டுக்கு. நல்ல வயர்தான் சார் பாடிக்கு, மாத்திடாதீங்க" என்றான். பாடி என்றால் வண்டியின் தகரம், அது எனக்கே தெரியும். வந்து பார்த்தேன். கறுப்பு வயர் பழசு, எலி கடித்தது. பேட்டரியிலிருந்து வரும் சிவப்பு வயர் புத்தம் புதுசு, பளபளவென்று இருக்கிறது. இதில் எது நல்ல வயர் என்று எல்.கே.ஜி. பிள்ளை கூடச் சொல்லும். சிவப்பு வயரைக் கொண்டுபோய் முருகா என்று பாடியில் வைத்தேன்.

வைத்ததுதான் தெரியும். பட்டாசுக் கட்டையே கொளுத்தினாற்போல் பொறி பறந்தது. நான் ஒரு பக்கம், என் கண்ணாடி ஒரு பக்கம். எதிர்வீட்டுச் சென்னம்மா எருமைக்கு வைத்திருந்த கழனித்தண்ணீரைக் குண்டானோடு தூக்கி வந்து பேட்டரி மேலும் என் மேலும் பாரபட்சம் இல்லாமல் ஊற்றிவிட்டு, "இன்னா மாமா, தீவாளி முட்ச்சிப்போயி எத்தினி நாள் ஆவுது, இப்ப வெடி வெச்சிக்கினு கீறியே!" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். "கன்னையா சொன்னது தெலுங்கு மாமா. நல்லன்னா கருப்பு!"

எனக்குத் தெரியாதா ஸ்ரீஹரி? தாசில்தார் ஆபீசிலும் ரேஷன் கடையிலும் தெலுங்கு பேசியே தலை நரைத்தவன் நான். ஆனால் தமிழ் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் நடுவழியில் தெலுங்கு பஸ்ஸுக்கு மாறினால் நான் எங்கே என்று இறங்குவது?

பேட்டரியைத் துடைத்து, சார்ஜ் ஏற்றி, கறுப்பைப் பாடிக்கும் சிவப்பைச் சொலினாய்டுக்கும் ஒழுங்காகக் கொடுத்தேன். உட்கார்ந்து சாவியைத் திருப்பினேன். நீ வண்டியைக் கியரில் போட்டுவிட்டு அமெரிக்கா போயிருக்கிறாய் என்று எந்தப் படத்தில் எழுதியிருந்தாய்? எஞ்சின் ஓடவில்லை, வண்டி ஓடியது. தரகர் சேர்த்துவைத்த மோட்டார் தள்ள, கர் கர் என்று இருமிக்கொண்டே தெருவில் இறங்கியது. சாவியைப் பின்னால் திருப்பினேன், பிடுங்கியும் பார்த்தேன், உன் தரகர் பிடித்த பிடியை விடவில்லை. பிரேக் என்று ஒன்று இருப்பதே எனக்கு மறந்துபோயிற்று. "மாமா, சாவி உங்கைல கீது, வண்டி போய்க்கினே கீதே! ஐயோ, எங் கல்லக்கா!" என்று சென்னம்மா அலறினாள். வண்டி அவள் தெருவில் காயப்போட்டிருந்த வேர்க்கடலையில் நடுவாகப் புகுந்து, அங்கேயே பேட்டரி தீர்ந்து நின்றது. "உம் புள்ள வண்டி பெட்ரோல் குட்ச்சாதான் ஓடும்னு நென்ச்சேன், இது கல்லக்கா துன்னுதே" என்று சொல்லிக்கொண்டே, உடையாத கடலையாகப் பொறுக்கி எனக்கே ஒரு முறம் அவித்துக் கொடுத்தனுப்பினாள். நல்ல மனசு. நான் ஒருத்தன் எவ்வளவு சாப்பிடுவது?

ஆகவே இது என் கையில் ஆகிற காரியம் இல்லை. நீ பூட்டியதை நீயே வந்து பார்த்தால்தான் உண்டு. எனக்காக வரச் சொல்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு என்ன குறை? ஒரு ஆளுக்கு ரசம் வைக்க முடியாது என்பது மட்டும் இந்த வயதில் தெரிந்துகொண்டேன். எவ்வளவு குறைத்து வைத்தாலும் மிஞ்சுகிறது. ராத்திரி செய்தி வாசிக்கிற பெண் வணக்கம் சொன்னால் பதிலுக்கு வணக்கம் சொல்கிறேன், சொல்லிவிட்டு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்க்கிறேன். மற்றபடி சௌகரியம். வண்டிக்காகத்தான் வரச் சொல்கிறேன்.

குளிரில் காதைக் கட்டிக்கொண்டு போ. வேளைக்குச் சாப்பிடு. உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் நைனா,
வேதாச்சலம்.

பின்குறிப்பு: கார் ஸ்டார்ட் ஆகாது என்று மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிட்டுப் படி. தபாலில் போடாமலே வைத்திருந்தேன், அதற்குள் வியாழக்கிழமை கன்னையா திருத்தணி போகிற வழியில் இறங்கி, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் வேறு சொலினாய்டு மாட்டிச் சரிசெய்துவிட்டான். சாவியைத் தொட்டாலே முழங்குகிறது. நேற்று தமிழ்செல்வன் ஓட்டிப்போக வந்தான். ஸ்டார்ட் ஆகாது தம்பி என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டேன். வண்டி கெட்டிருந்தால் வருவாய் என்று நினைத்தேன், வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. வண்டி நன்றாக ஓடுகிறது. இருந்தாலும் வா.