பூர்ணிமாவைச் சுற்றும் ஆறாவது கிரகம்

என் மனைவியின் மனதில் முதலிடம் பிடித்தே தீருவது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் விளக்குவதற்கு முன்பே, முடிவு எடுத்தேன். கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து ஒரு புருஷன் எடுக்கிற முடிவா இது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதுவரை அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்திருப்பதாக நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெயரே புருஷோத்தமன். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

என் நம்பிக்கையைக் கெடுத்தது ஒரு ஆப். சென்னையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகள் கவிநிலா, லீவில் வந்தபோது எங்கள் இருவர் போனிலும் அதை ஏற்றிவிட்டுப் போனாள். படம் அனுப்பலாம், மெசேஜ் போடலாம். கூடவே ஒரு வசதி. நாம் யாருடைய பெயரைத் தொடுகிறோமோ, அவர் சூரியனாக நடுவில் நிற்பார். அவருக்கு நெருங்கியவர்கள் கிரகங்களாகச் சுற்றி வருவார்கள். எல்லாரையும்விட நெருங்கியவர் புதன். அடுத்தவர் வெள்ளி. அப்படியே வரிசையாகப் போகும். மற்ற கிரகங்கள் யார் யார் என்று அது நமக்குக் காட்டாது; அது அந்தச் சூரியனுக்குத்தான் தெரியும். நாம் எந்தக் கிரகம் என்று மட்டும் காட்டும்.

படுக்கையில் இருந்தபடியே பூர்ணிமாவின் பெயரைத் தொட்டேன். நடுவில் அவள் முகம் ஜொலித்தது. தூரத்தில், இருட்டில், என் முகம். அதைச் சுற்றி ஒரு வளையம்.

எனக்கு விஞ்ஞானம் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் வளையம் போட்ட கிரகம் எது என்று தெரியும். சனி.

ஊரே சனியின் பார்வை படக்கூடாது என்று எள் விளக்கு ஏற்றுகிறது. நான் சொந்த வீட்டிலேயே, கட்டிய மனைவிக்கே சனியாக இருக்கிறேன். இதற்குப் பரிகாரம் யார் செய்வது? அவளா, நானா?

"பூர்ணிமா, கொஞ்சம் இங்க வா."

"தோசை ஊத்திக்கினு இருக்கேன். அங்கருந்தே சொல்லுங்க."

"நான் உனக்கு யாரு?"

"காலங்காத்தால என்னா கேள்வி இது? வூட்டுக்காரரு."

"இந்த ஆப்புல நான் சனின்னு போட்டிருக்கு."

கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் துளி அதிர்ச்சி இல்லை.

"ஆமா, சனிதான். வளையம் உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது."

"அப்ப புதன் யாரு?"

"கன்னியம்மாக்கா."

"எந்தக் கன்னியம்மா?"

"மீன் குடுக்குற கன்னியம்மாக்கா. நமக்கு வேற எத்தினி கன்னியம்மா இருக்காங்க?"

"வெள்ளி?"

"நம்ம பொண்ணு. பூமி எங்க கமலாக்கா. செவ்வாய் மாடி வூட்டு டீச்சர். வியாழன், ஜாக்கெட் தைக்கிற பொண்ணு."

"ஜாக்கெட் தைக்கிற பொண்ணுக்கும் அப்புறம்தானா நான்?"

"அது சொன்ன தேதிக்கு ஒரு தடவையாவது குடுத்திருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கருகுகிற தோசையைக் காப்பாற்றப் போய்விட்டாள்.

கன்னியம்மாள் வீராம்பட்டினத்துக்காரி. தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையோடு முதலியார்பேட்டைக்கு வந்து, எங்கள் வாசலில் உட்கார்ந்து செதில் எடுத்து, நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போவாள். தினமும் விடியற்காலையில் அவள் துறைமுகத்திலிருந்து மீன்களைப் படம் பிடித்து அனுப்புவதும், பூர்ணிமா பதில் போடுவதும், அதற்கு அவள் பதில் போடுவதும் எனக்குத் தெரியாமல் நடந்துகொண்டிருந்த விஷயங்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னியம்மாளுக்கு முழங்கால் வலி என்பதுதான். "இனிமே தெருவுக்கு வர முடியாதுன்னு சொல்லுது. நீங்க போயி வாங்கினு வாங்களேன், நடந்த மாதிரியும் இருக்கும்" என்று கொஞ்ச நாளைக்கு முன் பூர்ணிமா கேட்டாள்.

முடியாது என்றேன். ஏழு மணி வரை தூங்குவது என் பரம்பரைச் சொத்து. என் அப்பா மில் சங்குக்குப் பயந்து வாழ்நாள் முழுக்க அரைத் தூக்கத்தில் எழுந்தவர். அவர் விட்டுப்போன தூக்கத்தையும் சேர்த்து நான்தான் தூங்கியாக வேண்டும் என்று ஒரு பிரசங்கமே செய்தேன். அவள் "சரிங்க" என்று சொல்லிவிட்டு தோசை ஊற்றப் போனாள். வாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சரி, முதலிடத்துக்கு வருவோம். அன்றே போரைத் தொடங்கினேன். ஹாலில் உட்கார்ந்து சமையலறைக்கு ஒரு ரோஜாப்பூவும் குட் மார்னிங்கும் அனுப்பினேன்.

"பார்த்தேன்! பூ நல்லாருக்குது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

'சாப்பிட்டாயா கண்ணே?' என்று அனுப்பினேன்.

"சாப்பிடலை! பாத்திரம் தேய்ச்சிட்டுதான்!"

நான் வேலை பார்க்கும் டைல்ஸ் கடையிலிருந்து அனுப்பினால் உடனே போன் அடித்து, "என்னா, மெசேஜ் போட்டிருக்கீங்க?" என்று கேட்பாள். எந்த மனைவி இத்தனை சுறுசுறுப்பாகப் பதில் சொல்வாள்? உருகிப்போனேன். ஆனால் வளையம் கழலவில்லை. ஒரு நாள் பார்த்தால் யுரேனஸுக்கே போய்விட்டிருந்தேன். கேஸ் சிலிண்டர் போடுகிறவன் என்னை முந்தியிருக்க வேண்டும்.

தெருமுனையில் செல்போன் கடை வைத்திருக்கும் கலைவாணனிடம் போனேன். இப்படிப்பட்ட விஷயத்தை வேறு யாரிடம் சொல்லி அழுவது? அவன் என் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"எல்லாம் ஒன்வேயா இருக்குதே சார். அவங்க ஒண்ணும் திருப்பிப் போடலையே."

"வாயாலதான் உடனுக்குடனே சொல்லிடுறாளே!"

"வாயால சொன்னா ஆப்புக்கு எப்படி சார் காது கேக்கும்? கையால பதில் போடணும். போக வர, போக வர இருந்தாத்தான் கிட்ட வருவீங்க."

"போன் பண்ணிப் பேசுறது?"

"அது வேற கணக்கு சார். சாதா போனை இது சேர்த்துக்காது."

அன்று இரவெல்லாம் யோசித்தேன். கூப்பிடு தூரத்தில் இருந்தால் வாயால் பதில் சொல்கிறாள். தூரத்தில் இருந்தால் போன் பண்ணுகிறாள். அப்படியானால் நான் தூரத்திலும் இருக்க வேண்டும், போனில் பேசவும் முடியக்கூடாது. இந்தப் புதுச்சேரியில் அப்படி ஓர் இடம் எங்கே இருக்கிறது?

தேங்காய்த்திட்டு மீன் ஏலம். பக்கத்தில் நிற்பவன் பேசுவதே அங்கே கேட்காது. கன்னியம்மாள் புதனானது எப்படி என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கே என் மூளையைப் பார்த்துப் பயமாக இருந்தது.

விடிவதற்குள் துறைமுகத்தில் நின்றேன். படகுகள் வந்து அணைந்துகொண்டிருந்தன. காலுக்கடியில் ஐஸ் தண்ணீர். கன்னியம்மாள் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா சார், வழி தப்பி வந்துட்டீங்களா?" என்று கத்தினாள்.

"கன்னியம்மா, இனிமே நீங்க பூர்ணிமாவுக்குப் போட்டோ அனுப்பாதீங்க" என்று நானும் கத்தினேன்.

"யார் அனுப்புறது பின்ன?"

"நான்."

ஏன், எதற்கு என்று அவள் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

"தாராளமா அனுப்புங்க சார். அப்படியே மீனையும் கையோட எடுத்துக்கினு போயிடுங்க."

"வெட்டிக் குடுப்பீங்கல்ல?"

"இங்க ஏது சார் எடம்? வூட்டுல வச்சி நீங்களே செதில் எடுங்க. ஒரு வாட்டி காட்டித் தரேன், புடிச்சிக்குவீங்க."

பையிலிருந்து ஒரு கத்தியை எடுத்து நீட்டினாள். புத்தம் புதுக் கத்தி. எனக்கென்றே வாங்கி வைத்தது போலப் பளபளத்தது. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

முதல் படம் அனுப்பினேன். சங்கரா மீன். அடுத்த நொடி பதில் வந்தது. கையால் போட்ட பதில்!

'செவுளைத் தூக்கிக் காட்டுங்க.'

காட்டினேன்.

'செவப்பு பத்தலை. பக்கத்துல என்னா அது, கெழங்காவா?'

'ஆமாம்.'

'கண்ணைக் காட்டுங்க.'

'என் கண்ணா?'

'மீன் கண்ணு.'

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமான புதிதில்கூட அவள் என்னிடம் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அந்த இரைச்சலில், லுங்கியெல்லாம் மீன் தண்ணீர் தெறிக்க, போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன். ஏலக்காரர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு தினமும் விடியலில் தேங்காய்த்திட்டு. வளையம் கழன்றது. டெய்லர் பெண்ணைத் தாண்டினேன். மாடி வீட்டு டீச்சரைத் தாண்டினேன். இடையில் வெள்ளிக்கிழமை ஒன்றுதான் தொல்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது. மீன் இல்லையென்றால் மெசேஜ் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை சும்மா இருந்ததில் பூர்ணிமாவின் அக்கா கமலா என்னைப் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். அதனால் வெள்ளிக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குப் போய்க் கீரையைப் படம் பிடித்து அனுப்பினேன். அப்படியே கீரை வாங்குவதும் ஆய்வதும் என் வேலையாயின. ரேஷன் கடை வரிசையிலிருந்து ஒரு படம். மாவு மில்லிலிருந்து ஒரு படம். அங்கேயும் இரைச்சல் அதிகம், நல்ல இடம். போகாத இடத்துக்கெல்லாம் போனேன். எல்லாம் அன்புக்காக.

பெற்ற மகளைத் தாண்டும்போது மட்டும் மனசு கொஞ்சம் உறுத்தியது. தாண்டிவிட்டேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. துறைமுகத்திலிருந்து வந்து, கையில் மீன் பையோடு வாசலில் நின்றபடியே பூர்ணிமாவின் பெயரைத் தொட்டேன். நடுவில் அவள். அவளை ஒட்டி, அந்த வெளிச்சம் முகத்தில் அடிக்க, நான். புதன்!

கண் கலங்கிவிட்டது. உள்ளே ஓடிப் போனை நீட்டினேன்.

"பூர்ணிமா! நான்தான் இப்ப உனக்கு ஃபர்ஸ்ட்!"

அவள் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். பிறகு என் தோளில் ஒட்டியிருந்த ஒரு செதிலை எடுத்துப் போட்டாள்.

"ரொம்ப சந்தோஷங்க. இதைத் தக்க வச்சிக்கணும். வுட்டா சரிஞ்சிடும்" என்றாள்.

பின்கட்டில் குழாயடியில் குந்தி, மீனைப் பரப்பிக்கொண்டு, கத்தியை எடுத்தேன். பாட்டுகூட வந்தது. சமையலறை ஜன்னல் என் தலைக்கு மேலேதான். பூர்ணிமா அவள் அக்கா கமலாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"இல்லக்கா, ஒண்ணும் கஷ்டமில்லை. முதல்ல உன் வூட்டுக்காரரு போன்ல அந்த ஆப்பைப் போட்டுவிடு. கவிநிலாகிட்ட சொன்னா செஞ்சி குடுக்கும், எங்களுக்கும் நான் சொல்லித்தானே போட்டுச்சி. அப்புறம் ஒரு மாசம் அவரு என்னா மெசேஜ் போட்டாலும் கையால பதில் போடாத. வாயால சொல்லு. இல்லாட்டி போன் பண்ணிச் சொல்லு. சண்டை கிண்டை வேணாம், சிரிச்ச முகமாவே சொல்லு. தானா சனிக்குப் போயிடுவாரு. போனதும் அவர் கண்ணுல படுற மாதிரி வுட்டுடு. அவ்ளோதான். உனக்கு மீன் வேணுமா, பால் வேணுமான்னு மட்டும் முன்னாடியே முடிவு பண்ணிக்கோ. கத்தியா? அது கன்னியம்மாக்காகிட்ட நான்தான் வாங்கிக் குடுத்து வச்சேன். பாவம், அதுக்கும் முழங்கால் வலி."

கத்தி கையிலேயே நின்றது. சங்கரா என்னைப் பார்த்தது. செவுள் நல்ல சிவப்பு. நானே பார்த்து எடுத்தது.

எழுந்து உள்ளே போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று தீர்மானித்தேன். அந்த நேரம் பார்த்துப் போன் சிணுங்கியது. ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன். ஜன்னலுக்கு உள்ளேயிருந்து பூர்ணிமா. முதல் தடவையாக, கூப்பிடு தூரத்தில் இருந்தும், கையால் போட்ட மெசேஜ்.

'ஒட்டுக் கேட்டது போதும். புளி கரைச்சாச்சு. மீனைக் கழுவிக் கொண்டாங்க.'

செதில் ஒட்டிய விரலால் அவசர அவசரமாக 'சரி' என்று பதில் போட்டேன். போடாவிட்டால் கன்னியம்மாள் முந்திவிடுவாள்.