வலது பக்கத்துச் செயின்

பைக் கண்ணாடியைப் பார்த்துச் சந்தியாகு இன்னொரு தடவை தலை சீவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

எடுத்திருக்கக் கூடாது. ஆனால் மெக்கானிக் கை சும்மா இருக்குமா, எடுத்துவிட்டது.

"சந்தியாகு, லோடர் நின்னுபோச்சுய்யா! வலது பக்கம் சக்கரம் சுத்தல!"

சிதம்பரத்தில் ரைஸ் மில் வைத்திருக்கும் ராஜமாணிக்கம். அவருக்கு மெதுவாகப் பேச வராது.

"மொதலாளி, இன்னிக்கு ஞாயித்துக்கிழமை..."

"அதான்யா சொல்றேன். கூலியாளு ஒருத்தரும் கெடயாது. களம் பூரா நெல்லு காயுது. வானம் வேற கறுக்குது. நீ ஸ்ரீமுஷ்ணம்தானே போற? போற வழிதானே? ஒரு மணி நேரம்!"

போகிற வழிதானே என்று கேட்பவர்களைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டம் வர வேண்டும். கடலூரில் பூசை முடிந்து, இஸ்திரி போட்ட சட்டையோடு, பெட்ரோல் டாங்க் மேல் வாழையிலையில் மல்லிகைப்பூவைக் கட்டிவைத்துக்கொண்டு ஒருவன் கிளம்பினால், அவன் பெண்டாட்டியைப் பார்க்கப் போகிறான் என்று சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். முதலாளிகளுக்குத்தான் தெரியாது.

பெண்டாட்டி பெயர் ஞானமேரி. தங்கச்சியின் பிரசவத்துக்கு என்று ஸ்ரீமுஷ்ணம் போனவள், அந்தக் குழந்தை தவழ ஆரம்பித்த பிறகும் திரும்பவில்லை. காரணத்தைப் போகும்போதே சொல்லிவிட்டுத்தான் போனாள். "நீ எந்த ஊர்ல எந்த மிஷினுக்கு அடியில படுத்திருக்கன்னே எனக்குத் தெரியல. நான் வேணும்னா ஒரு ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து கூப்புடு. போன்ல கூப்புட்டா வரமாட்டேன்."

அவள் வேண்டும். அதில் சந்தியாகுவுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. அவள் போன பிறகு வீட்டில் விளக்கைப் போட்டாலும் இருட்டாகத்தான் இருந்தது. சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, "கைய கழுவினியா?" என்று யாராவது அதட்ட மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பான். யாரும் அதட்ட மாட்டார்கள். சோறு ஆறிவிடும்.

ஒரு மணி நேரம்தானே என்று மில்லுக்குப் போனான்.

அது ஒரு பழைய ஸ்கிட் லோடர். ராஜமாணிக்கம் கைக்கு வரும்போதே பல கை மாறியிருந்தது. ஓர் ஆள் உட்காருகிற கூண்டு, முன்னால் நெல் அள்ளும் பக்கெட், நான்கு சக்கரம். ஸ்டீயரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிதான். ஒரு பக்கத்துச் சக்கரத்தை முன்னாலும் மறுபக்கத்துச் சக்கரத்தைப் பின்னாலும் ஓடவிட்டால் நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுற்றும். கூண்டுக்குள் போக வேண்டுமென்றால் பக்கெட் மேல் கால் வைத்து ஏற வேண்டும். அதை ஓட்டும் கண்ணாயிரத்துக்கு முட்டி தேய்ந்துவிட்டது. அதனால் காலையில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார்.

வலது பக்க மூடியைக் கழற்றினால், செயின் இரண்டாக அறுந்து கிடந்தது.

"என்ன மாமா, முரட்டுத்தனமா ஓட்டுனியா?"

"நானா? கொழந்தயத் தூக்கற மாதிரி ஓட்டறேன் மச்சான்."

செயின் தேடி அலைந்து, மாட்டி, எண்ணெய் ஊற்றி நிமிர்ந்தபோது சாயங்காலம். சர்வீஸுக்கு வரும்போதெல்லாம் கண்ணாயிரத்திடம் புலம்புவது சந்தியாகுவின் வழக்கம். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே புலம்பினான்.

"அவ திட்டாம சோறு எறங்கல மாமா. தலகாணிய மோந்து பாத்துட்டுப் படுக்கறேன். அதுலயும் அவ வாசன போயிடுச்சு."

கண்ணாயிரம் துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டிவியில் சீரியல் பார்த்தே தேம்புகிற ஆள். "அடுத்த ஞாயிறு போ மச்சான். மேரித் தங்கச்சி வந்துடும்" என்றார். வாடிப்போன மல்லிகையை வீணாக்க மனமில்லாமல் லோடர் கூண்டில் தொங்கவிட்டார்.

சந்தியாகு ஸ்ரீமுஷ்ணத்துக்குப் போன் போட்டான்.

"மிஷின் ஒடஞ்சுபோச்சு மேரி."

"உங்கப்பா செத்துட்டாருன்னு சொல்லியிருந்தாகூட நம்பியிருப்பேன்."

"அவரு செத்து ரொம்ப வருசம் ஆச்சே?"

"தெரியும். அப்பயும் நம்பியிருப்பேன்."

அடுத்த ஞாயிறு. புதுச் சட்டை, புதுப் பூ, பழைய போன்.

"சந்தியாகு! மறுபடியும் வலது பக்கம்யா!"

போன தடவை மறுபடி அறுந்து தொலைக்கக் கூடாது என்று தடிச் செயினாகப் பார்த்துப் போட்டிருந்தான். தடிச் செயின் அறுந்துபோகவில்லை. அதற்குப் பதிலாகப் பல்சக்கரத்தின் பற்களை வழித்து எடுத்துவிட்டது. பல்சக்கரத்தை மாற்றினான். கெட்டி இரும்பில், உலகம் அழிந்தாலும் அழியாத பல்சக்கரம். பூ லோடர் கூண்டுக்குப் போனது.

மேரியிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. சிரித்தாள்.

"ஏன்யா, திங்கக்கிழமைலேர்ந்து சனிக்கிழம வரைக்கும் நல்லா ஓடுது. ஞாயித்துக்கிழமையானா படுத்துக்குது. உன் மிஷினும் பூசைக்குப் போவுதா?"

"சத்தியமா மேரி..."

"கேட்டுக்க. இங்க ஒரு நர்சரி ஸ்கூல்ல டீச்சர் வேல இருக்காம். வர்ற ஞாயிறு பாப்பேன். நீ வரல, திங்கக்கிழம சேந்துடுவேன். பொறவு நீ மிஷின் கூடவே குடித்தனம் பண்ணு."

"நம்பலன்னா நீயே வந்து பாரேன்! சிதம்பரத்துல ராஜமாணிக்கம் மில்லுன்னா ஆட்டோக்காரனுக்கே தெரியும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

அந்த வாரம் அவனுக்குத் தூக்கம் போனது. மேரி கேட்டது நியாயம்தானே? ஏன் ஞாயிறு மட்டும்? ஏன் வலது பக்கம் மட்டும்? செயின் கெட்டியானால் பல்சக்கரம் போகிறது. பல்சக்கரமும் கெட்டியானால் அடுத்து எது? அப்படியென்றால் பொருளில் குற்றமில்லை, எங்கிருந்தோ அடி விழுகிறது. களத்தின் மூலையில் கறுப்பாக வட்டமாக ஏதோ பூசியிருந்ததும் நினைவுக்கு வந்தது. தார் கொட்டிவிட்டது என்று நினைத்துத் தாண்டிப்போயிருந்தான்.

மூன்றாவது ஞாயிறு அவன் பூசைக்குக்கூடப் போகவில்லை. விடிந்ததும் பூவோடு கிளம்பி நேரே மில்லுக்குப் போனான். வண்டியை முன்கூட்டியே பார்த்துவிட்டு, போனையும் அணைத்துவிட்டு, ஸ்ரீமுஷ்ணம் போய்விடுவது என்று திட்டம்.

கேட்டைத் தாண்டியதும் அப்படியே நின்றுவிட்டான்.

களத்து மூலையில் லோடர் சுற்றிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே. காய்ந்த சிமெண்டுத் தரையில் டயர் கிறீச்சிட, ரப்பர் தேய்ந்து கறுப்பு வட்டம் விழ, கூண்டில் போன வாரத்து மல்லிகைச் சரம் ஆட, சுற்று மேல் சுற்று. தூரத்தில் நடராசர் கோயில் கோபுரம். உள்ளே கண்ணாயிரம் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா! நிறுத்துய்யா!"

நிறுத்துவதற்குள் வலது பக்கம் 'மடார்' என்றது. வண்டி முனகி நின்றது.

"யோவ், என்னய்யா பண்ற?"

"சாமி கும்புடறேன் மச்சான்."

"லோடர்லயா?"

"கோயில்ல நம்மள நாமளே சுத்திக்கறது இல்ல? எறங்கிச் சுத்தலாம்னா முட்டி விட மாட்டேங்குது. வண்டியே அழகா சுத்துது. அதான் வண்டியோட சுத்திக்கறேன்."

சத்தம் கேட்டு ராஜமாணிக்கம் பல்குச்சியோடு ஓடிவந்தார்.

சந்தியாகு தலையில் கை வைத்துக்கொண்டான். "மொதலாளி, சேத்துல சுத்துனா டயரு வழுக்கிட்டுப் போயிடும். காஞ்ச சிமெண்டுல வழுக்காது. அத்தனை அடியும் செயினுக்குத்தான் போவும். அதுலயும் இவரு எப்பவும் வலமாவே சுத்தறாரு. வலது சக்கரம் எப்பவும் பின்னாலயே ஓடி அடி வாங்குது. அப்பப்ப எடமாவாவது சுத்தியிருக்கலாம்!"

"எடமா சுத்துனா அபசாரம் மச்சான்" என்றார் கண்ணாயிரம் பதறிப்போய்.

"தெனமுமா சுத்தற?" என்று உறுமினார் முதலாளி.

"தெனம் மூணு சுத்துதான். ஞாயித்துக்கிழம மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. விசேச வேண்டுதல். ஒடஞ்சதும் ஏதோ கொற வெச்சிட்டோம்னு அடுத்த வாரம் இன்னும் கூட்டிச் சுத்துனேன்."

"என்னய்யா வேண்டுதல்? உன் பொண்ணு சுவேதா கல்யாணத்துக்கா?"

"வெளிய சொன்னா பலிக்காது மொதலாளி."

"ஒடனே கழட்டு சந்தியாகு!" என்று கத்தினார் முதலாளி. "மேகம் எறங்குது பாரு!"

இந்தத் தடவை ஆக்சில் பேரிங். சந்தியாகு சட்டையைக்கூடக் கழற்றாமல் வண்டிக்கு அடியில் படுத்தான். பழைய எண்ணெய் நெஞ்சில் சொட்டியது. மேலே கண்ணாயிரம் புதுப் பூவையும் கூண்டில் தொங்கவிட்டார். நாளைக்கு அவள் வேலையில் சேர்ந்துவிடுவாள். அந்த வீட்டில் இனி யாரும் கையைக் கழுவச் சொல்லப்போவதில்லை. எண்ணெயோடு சேர்த்துக் கண்ணையும் துடைத்துக்கொண்டான். அவள் வேண்டும். இந்த உலகத்தில் அவனுக்கு வேறெதுவும் வேண்டாம்.

பொழுது ஏறிய பிறகு ஓர் ஆட்டோ வந்து நின்ற சத்தம் கேட்டது. வண்டிக்கு அடியிலிருந்து பார்த்தால் இரண்டு கால்கள். அந்த மெட்டியை எங்கே பார்த்தாலும் தெரியும்.

"நெசமாவே மிஷின்தானா?" என்றாள் ஞானமேரி.

அவன் வெளியே வந்தான். முகமெல்லாம் கரி.

"எவளோ ஒருத்தின்னு நெனச்சேன்" என்றாள். பிறகு கூண்டைப் பார்த்தாள். "எனக்கு வாங்குன பூவா இது?"

"மூணு வாரமா."

"அத்தனையும் இதுக்கா வெச்ச?" எக்கி, புதுச் சரத்தை உருவித் தலையில் வைத்துக்கொண்டாள். "சீக்கிரம் முடி. வீட்டுக்குப் போவலாம். மொதல்ல கையக் கழுவு."

சந்தியாகு கழுவாத கையாலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கண்ணாயிரம் முட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கெட் மேல் கால் வைத்து இறங்கினார். கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, முதலாளி பக்கம் திரும்பினார்.

"இனிமே சொல்லலாம் மொதலாளி. சுவேதாவுக்கு இன்னும் நாளிருக்கு. இவன் ஊருக்குக் கெளம்பற நேரமா பாத்து ஞாயிறு ஞாயிறு நான் சுத்துனது, அந்தப் பொண்ணு மனசெறங்கி இவன்கிட்ட வந்துடணும்னுதான்."