நரி முகமும் என் முகமும்

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவனுக்கு ஒரு வியாதி வரும். எந்தப் பிரச்சினையாக இருந்தாலும், எடுத்து விளக்கினால் தீர்ந்துவிடும் என்று நம்புவான். எனக்கு அது முற்றிப்போயிருந்தது. விலங்கியல் வேறு படித்திருந்தேன். (அப்படியென்றால் என்ன என்று வீட்டில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. "மாட்டு டாக்டருக்குப் படிச்சிகினு கீறான்" என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவைத்ததில், ஒருவர் சினை மாட்டோடு வாசலுக்கே வந்துவிட்டார்.)

நாங்கள் இருப்பது செம்பாக்கத்தில், ஏரிக்குப் போகும் பக்கமாக ஒரு காலனியின் கடைசித் தெரு. அப்பா தண்ணி லாரி ஓட்டுகிறார். அம்மா இட்லி மாவு அரைத்துக் காலனி முழுக்கக் கொடுக்கிறாள். எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காலி மனை. சுற்றிலும் இடுப்புயரச் சுவர், உள்ளே வேலிகாத்தான் மண்டிய புதர். அந்தப் புதருக்குள் ஒரு நரி குட்டி போட்டிருந்தது.

முதலில் பார்த்தது நான்தான். ஒரு சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனபோது, தாய் நரி புதர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. குட்டிகள் அதன் வாலைப் பிடித்து இழுத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. தலைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. குட்டிகள் பதுங்கின. தாய் மட்டும் அண்ணாந்து பார்த்து, தினமும் போகிறதுதானே என்பதுபோல் ஒரு கொட்டாவி விட்டது. புத்தகத்தில் படம் பார்த்துப் பரீட்சை எழுதிய பிராணி, அப்பாவின் பனியனுக்கும் அம்மாவின் நைட்டிக்கும் இடையில் உயிரோடு தெரிந்தது. அந்த இடத்திலேயே முடிவு செய்தேன். குட்டிகள் வளர்ந்து தாமாகக் கிளம்பும் வரை இவற்றை ஒருவரும் தொடக்கூடாது.

தொடுவதற்கு என்றே ஒருவர் இருந்தார். காலனி சங்கச் செயலாளர் சுந்தரேசன் சார், ஓய்வுபெற்ற அதிகாரி. அவர் தோட்டத்துப் பப்பாளியை நரி தின்றுவிட்டது. வாசலில் கிடந்த செருப்பில் ஒன்றைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. (ஜோடியாக எடுத்திருந்தால் அவருக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.) சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, "ஞாயித்துக்கெழமை பொக்லைன் வருது. மனையை மொத்தமா க்ளீன் பண்ணிடறோம்" என்று அறிவித்தார்.

நான் எழுந்தேன். உணவுச் சங்கிலியில் ஆரம்பித்தேன். ஒரு கண்ணி அறுந்தால் என்ன ஆகும் என்று கையால் வரைந்து காட்டினேன்.

"சார், நரி இருந்தா எலித்தொல்லை கம்மியாகும் சார்."

"தம்பி, எலிக்கு நான் பொறி வெச்சுக்கறேன். நரிக்கு எதை வெக்கட்டும்? இன்னொரு செருப்பையா?"

கூட்டம் சிரித்த சிரிப்பில் என் சங்கிலி அறுந்தது.

வீட்டுக்கு வந்தால் அம்மா கிரைண்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். "இன்னாடா, மூஞ்சி தொங்கிப்போய் கீது?"

சொன்னேன்.

"எலிய சொன்னா எவன்டா கேப்பான்? எவனுக்காவது யோகம் அடிச்சா, நரி மூஞ்சில முழிச்சியான்னுதானே கேக்கறாங்க? நம்ம வூட்டாண்ட நரியே கீது. அத்த சொல்லேன்."

"அது மூடநம்பிக்கைம்மா."

"நீ சொன்ன சங்கிலி மட்டும் இன்னா, தங்கச் சங்கிலியா?"

 பொக்லைனோ ஞாயிற்றுக்கிழமை வருகிறது. படித்த படிப்பு அத்தனையையும் மடித்து வைத்துவிட்டு, "ஒருத்தர் ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லும்மா" என்றேன்.

மாவு விற்கிறவளிடம் இப்படிச் சொல்வது ரயில் நிலைய ஒலிபெருக்கியிடம் ரகசியம் சொல்வதுபோல. மறுநாள் மாவுப் பாத்திரம் காலியாவதற்குள் காலனிக்கே தெரிந்துவிட்டது. கூடவே, பின்தெருவில் யாரோ நரி முகத்தில் விழித்துப் பிரமோஷன் வாங்கியதாகவும் ஒரு கிளைக்கதை. (அம்மாவைக் கேட்டால், "மாவுக்குக் கொஞ்சம் உப்பு போட வேணாவா?" என்றாள்.) சாயங்காலமே நாலைந்து வீட்டுக்காரர்கள் செயலாளரிடம் போய், பொக்லைனைக் கொஞ்சம் தள்ளிப்போடச் சொல்லிவிட்டார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒன்றை யோசிக்கவில்லை. நரி முகத்தில் விழிப்பதென்றால், படுக்கையிலிருந்து எழுந்ததும் வேறெதையும் பார்க்கக்கூடாது. அதுவரை கண்ணைத் திறக்கவே கூடாது.

அடுத்த விடியலில் காலனி கண்ணை மூடிக்கொண்டு கிளம்பியது. சித்திரை முதல் நாள் கனி பார்க்க அழைத்துப் போவதுபோல, மனைவி கணவனையும் மகன் அம்மாவையும் நடத்திக்கொண்டு வந்தார்கள். வாசலில் போட்டிருந்த கோலங்கள் எல்லாம் மிதித்த கால்களோடு நடந்து எங்கள் தெருவுக்கு வந்தன.

"என்னங்க, லெஃப்ட்ல பள்ளம்!"

"யார் லெஃப்ட்? உன் லெஃப்டா, என் லெஃப்டா?"

"கமலா, கையை ஏன் இப்படி இறுக்கிப் பிடிக்கறே?"

"கமலா இல்ல சார், எதிர்வீட்டு சண்முகம். என்னையும் கொஞ்சம் கூட்டிட்டுப் போங்க."

கடைசியில் சுந்தரேசன் சாரும் வந்தார், அவர் வீட்டு மாமியின் தோளைப் பிடித்துக்கொண்டு. "நம்பிக்கையெல்லாம் இல்லை தம்பி, சும்மா வாக்கிங்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு வாக்கிங் வந்தவரை அன்றுதான் பார்த்தேன். மாமி உண்மையைச் சொல்லிவிட்டார். "பொண்ணுக்கு இன்னிக்கு விசா இன்டர்வியூ. அவ தூங்கறா. அவளுக்காக இவர் முழிக்கறார்."

எல்லோரும் மனைச் சுவரை ஒட்டி வரிசையாக, மூடிய கண்களோடு நின்றார்கள். திறந்த கண்ணோடு அழைத்து வந்தவர்கள் பின்னால் நின்றார்கள்.

"தம்பி, வந்துடுச்சா?"

"இன்னும் இல்ல சார்."

"கண்ணு அரிக்குது தம்பி."

 இவ்வளவு கும்பலைப் பார்த்தால் எந்தத் தாய் நரியும் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு இடம் தேடும். ஒருவேளை போயே போய்விட்டதோ? பொக்லைன் செய்ய வேண்டியதை நானே செய்துவிட்டேனோ? இருக்க முடியவில்லை. ஓரமாகச் சுவர் ஏறிக் குதித்து, முள்ளுக்குள் தவழ்ந்தேன். சட்டை கிழிந்தது. கொஞ்சம் தோலும்.

நரி இருந்தது. வளையின் வாயில் நின்று, காதை மடக்கி, தொண்டைக்குள்ளேயே உறுமியபடி என்னை நேருக்கு நேர் பார்த்தது. அதன் பின்னால் குட்டிகளின் மூக்குகள். நியாயமாகப் பார்த்தால் அந்த மொத்தக் காலனியில் நரி முகத்தைப் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்படியே பின்னால் நகர்ந்து, திரும்பி, தவழ்ந்து வெளியே வந்தேன். புதர் சலசலத்தது.

"வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று யாரோ கத்தினார்கள்.

காலனி கண்ணைத் திறந்தது.

நாலு காலில், தலைமுடி நிறைய முள்ளும் சருகுமாக, புதரிலிருந்து நான் நீட்டிக்கொண்டிருந்தேன்.

 முதலில் பால்காரர் ஆரம்பித்தார். "காலங்காத்தால இன்னா பேஜாருப்பா இது!"

"நரின்னு சொல்லிட்டு உன் மூஞ்சியைக் காட்டறியே, உருப்படுமா?"

"திரும்பப் போய்த் தூங்கி எழுந்தா செல்லுமா?" என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார்.

சுந்தரேசன் சார் மட்டும் கத்தவில்லை. கிட்டே வந்து நிதானமாகச் சொன்னார். "என் பொண்ணு வாழ்க்கைக்காக வந்தேன். உன் மூஞ்சில முழிச்சிருக்கேன். விசா மட்டும் கிடைக்கலை, நாளைக்கே பொக்லைன்."

அன்று பகல் முழுக்க, பார்த்தே இராத ஒரு விசா அதிகாரிக்காக வேண்டிக்கொண்டேன். (சாமி நம்பிக்கை இல்லாதவன்தான். ஆனாலும் நரி விஷயம்.) சாயங்காலம் கேட் சத்தம் கேட்டது. சுந்தரேசன் சார், கையில் ஸ்வீட் பாக்ஸோடு.

"கிடைச்சுடுச்சு தம்பி! உன் முகராசி!"

அது தற்செயல் என்று விளக்க வாயைத் திறந்தேன். அம்மா பின்னாலிருந்து முதுகில் கிள்ளினாள்.

"வர்ற வாரம் ஒரு பட்டா விஷயம் இருக்கு. காலைல கொஞ்சம் எங்க கேட்டாண்ட வந்து நில்லேன்."

"நிக்கறேன் சார். ஆனா பொக்லைன் வரக்கூடாது. கும்பலா யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது."

"எதுவரைக்கும்?"

"குட்டிங்க தானா கிளம்பறவரைக்கும்."

கை குலுக்கிக்கொண்டோம். அன்றிலிருந்து அவர் சொன்ன காலைகளில் எல்லாம், பல் தேய்த்துத் தலை வாரிக்கொண்டு அவர் வீட்டு வாசலில் நின்றேன். மாமி அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவருவார். அவர் கண்ணைத் திறந்து என்னை ஒரு முறை ஆழ்ந்து பார்த்துவிட்டு, "தாங்க்ஸ் தம்பி" என்று உள்ளே போவார். காரியம் நடக்காத நாளில், "நேத்து நீ ஷேவ் பண்ணலை" என்று குற்றம் சாட்டுவார். நான் விடவில்லை. மழை ஆரம்பித்த ஒரு காலையில், வளர்ந்த குட்டிகள் தாயின் பின்னால் ஏரிக்கரையோடு போவதை மாடியிலிருந்து பார்த்தேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். இப்போது சாரும் மாமியும் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஏதாவது முக்கியமான நாள் என்றால் அங்கே விடிகிற நேரத்துக்கு, இங்கே எங்களுக்குச் சாயங்காலம், வீடியோ கால் வரும். "டேய் நரி, உன் பார்ட்டி கூப்பிடறாரு" என்று அப்பா போனை நீட்டுவார். மாடிக்கு ஓடுவேன், அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும். திரையில் இறுக மூடிய இரண்டு கண்கள்.

"தம்பி, இருக்கியா? திறக்கட்டுமா?"

"திறங்க சார்."

போன வாரமும் பார்த்தார். திருப்தியாகச் சிரித்தவர், சட்டென்று புருவத்தைச் சுருக்கி, என் தோளுக்குப் பின்னால் தெரிந்த மனையை உற்றுப் பார்த்தார். "அங்க புதர்ல என்ன அசையுது?"

"காத்து சார்" என்று சொல்லி, போனைக் கொஞ்சம் என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன்.