ஓணானும் வெள்ளாடும் மூன்றாம் வாசலும்

ஒரு காட்டில், பக்கத்துக் காட்டில் இருக்கிறதே என்ற ஒரே காரணத்துக்காக, ஒரு விமான நிலையம் கட்டினார்கள். விமானம் என்றால் கூழைக்கடாப் பறவைதான். பறக்கத் தெரியாத பிராணிகள் எல்லாம் வரிசையில் நின்று, பை சோதனை முடித்து, கூழைக்கடாவின் அலகுப் பைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது மலையைத் தாண்டிப் பறந்துபோய் இறக்கிவிடும். நடுவழியில் அதற்குப் பசிக்காமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது பயணிகளின் பொறுப்பு. டிக்கெட்டின் பின்பக்கம் சின்ன எழுத்தில் அப்படித்தான் போட்டிருந்தது.

நிலையத்தின் நடுவே விசாரணைக் கவுண்டர். அதன் தலைமேல், 'இங்கு இருமொழிச் சேவை உண்டு' என்று ஒரு பலகை. ஒன்று காட்டுமொழி. அது காட்டில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே அதற்கு மதிப்பு கிடையாது. இன்னொன்று சீமைமொழி. அது காட்டில் ஒருவருக்கும் உருப்படியாகத் தெரியாது. ஆகவே எல்லோரும் அதில்தான் பேச ஆசைப்பட்டார்கள். மிருகங்கள்தானே, விட்டுத்தள்ளுங்கள். மனிதர்களாகிய நமக்கு இந்தப் புத்தி எங்கே வரப்போகிறது?

அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவன் சென்னியப்பன் என்ற ஓணான். போன மழைக்காலம் வரைக்கும் அவன் ஊருக்கு வெளியே ஒரு கிளுவை வேலியில் எறும்பு பிடித்துத் தின்றுகொண்டிருந்தவன். நேர்முகத் தேர்வில் சீமைமொழியில் என்னென்னவோ கேட்டார்கள். ஒன்றும் புரியாமல் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருந்தான். கேட்டவர்களுக்கும் தாங்கள் கேட்டது என்னவென்று சரியாகப் புரியவில்லை. ஆகவே ஆள் பொருத்தம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம் பயிற்சி வகுப்பில் கொடுத்த வாக்கியங்களை எல்லாம் அவன் மூச்சுவிடாமல் உருப்போட்டான். உருப்போட்டதை ஒப்பித்தால் கேட்பவர் அசந்துபோவார். நடுவில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்டால் மட்டும் முதலிலிருந்து ஆரம்பித்துவிடுவான்.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேலாளர் ஒரு முள்ளம்பன்றி. கோபம் வந்தால் முட்கள் நட்டுக்கொள்ளும். அலுவலகத்தில் யாரும் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்காருவதில்லை. "பயணிகள்கிட்ட இருந்து புகார் வரக் கூடாது, அவ்வளவுதான். வந்தா வேலிக்குப் போயிரலாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். சென்னியப்பனால் வேலிக்குத் திரும்பிப் போக முடியாது. அவன் சம்சாரம், புருஷனுக்கு விமான நிலையத்தில் உத்தியோகம் என்று சொந்தபந்தம் அத்தனைக்கும் சொல்லி முடித்திருந்தாள். லீவு நாளில் அவனுடைய கழுத்து அட்டையைத் துவைத்து, ஊர் பார்க்கட்டும் என்று வேலியில் காயப்போடுவாள். இனிமேல் அந்த வேலியில் அவனே வந்து தொங்கினால் மானம் என்னாவது?

ஒரு நாள் காலையில் மாரப்பன் என்ற பெருச்சாளி, மனைவி சகிதமாக மூச்சிரைக்க ஓடிவந்தது. புதுச் சட்டை, கறுப்புக் கண்ணாடி. கூழைக்கடா கிளம்ப இறக்கையை விரித்துவிட்டது. சென்னியப்பனுக்குப் பதற்றத்தில் உருப்போட்டது எல்லாம் மறந்துபோய், சொந்தப் பேச்சு வாயில் வந்துவிட்டது.

"ஓடுங்கண்ணா! சோத்தாங்கைப் பக்கம் மூணாவது வாசலுங்க. அது அலகை மூடறதுக்குள்ள ஓடுங்க!"

பெருச்சாளி ஓடியது, ஏறியது, மலையைத் தாண்டியது, போன காரியத்தையும் முடித்தது. திரும்பி வந்ததும் நேராக மேலாளர் அறைக்குப் போனது.

"சோத்தாங்கைங்கிறானுங்க சார்! நான் என்ன ஆட்டுச் சந்தைக்கா வந்திருக்கறேன்? அண்ணாங்கிறான், கைய நீட்டிக் காட்டறான். பக்கத்துல சம்சாரம் நிக்கறா. எம் மூஞ்சியப் பார்த்தா சீமைமொழி தெரியாத ஆளாட்டவா இருக்குது?"

"நீங்க கூழைக்கடாவைப் பிடிச்சிட்டீங்கதானே?"

"பிடிச்சேன் சார். மரியாதை போச்சே!"

முள்ளம்பன்றிக்கு முட்கள் ஒவ்வொன்றாக எழுந்தன. சென்னியப்பனைக் கூப்பிட்டு, "இது கடைசி எச்சரிக்கை. பயணி எந்த மொழியில ஆரம்பிக்கறாரோ, நீ அந்த மொழியில முடிக்கணும். கைய நீட்டி வழி காட்டற வேலையெல்லாம் வெச்சுக்காதே. இன்னொரு புகார் வந்தா நான் பேச மாட்டேன், என் முள்ளு பேசும்" என்றார். சென்னியப்பன் தலையை ஆட்டினான். அன்றைக்கு வீட்டில் சோறு இறங்கவில்லை. இனிமேல் காட்டுமொழி என்ற ஒன்று எனக்குத் தெரியவே தெரியாது என்று கிளுவை மரத்தில் அடித்துச் சத்தியம் செய்தான்.

மறு வாரம் கவுண்டருக்கு முன்னால் ஒரு வெள்ளாடு வந்து நின்றது. முதுகில் ஒரு தழைக்கட்டு.

நிமிர்ந்து பார்த்த சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவாயி அக்கா! அவன் பிறந்து வளர்ந்த அதே வேலியை நாள் தவறாமல் மேய்ந்துகொண்டிருந்த பாவாயி அக்கா. அந்தத் தழைக்கட்டுகூட அவன் வேலித் தழைதான். மலைக்கு அந்தப்புறம் கட்டிக்கொடுத்த மகளுக்குத் தலைப்பிரசவம் என்பதும் அவனுக்குத் தெரியும். வேலியில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

பாவாயிக்கும் அவனைத் தெரிந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் பட்டணத்தில் படிக்கிற அவள் மகன், "அம்மா, ஏர்ப்போர்ட்ல போய் நம்ம பேச்சைப் பேசி மானத்தை வாங்கிறாதே. ஒருத்தனும் மதிக்க மாட்டான்" என்று சொல்லி, நாலு சீமைமொழி வார்த்தை கற்றுக்கொடுத்து அனுப்பியிருந்தான். அவள் வழியெல்லாம் அதை அசைபோட்டுக்கொண்டே வந்தாள். இப்போது தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

"எக்ஸ்கியூஸ் மீ. வேர் ஈஸ் தி..."

அதற்கு மேல் மகன் சொன்னது மறந்துவிட்டது. மிச்சத்துக்குக் கொம்பை மலைப் பக்கமாக ஆட்டினாள்.

பயணி சீமைமொழியில் ஆரம்பித்தாகிவிட்டது. சென்னியப்பன் கழுத்து அட்டையைச் சரிசெய்துகொண்டான்.

"குட் மார்னிங் மேடம். வெல்கம். கைண்ட்லி ப்ரொசீட் டு டிபார்ச்சர் கேட் நம்பர் த்ரீ, ஆன் யுவர் ரைட்."

அப்பழுக்கில்லாத வாக்கியம். பயிற்சி வாத்தியார் கேட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பார். பாவாயி வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. ஆனாலும் விளங்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்கா இத்தனை தூரம் வந்தாள்?

"எஸ்," என்றாள். "தேங்க் யூ."

நகரவில்லை.

சென்னியப்பன் மறுபடியும் சொன்னான், இன்னும் மரியாதையாக. அவள் மறுபடியும் தேங்க் யூ சொன்னாள், இன்னும் அழகாக. இரண்டு பேரும் ஒரே வேலியின் இரண்டு பக்கத்திலிருந்து ஆயுசெல்லாம் அரட்டை அடித்தவர்கள். இப்போது ஒருவரை ஒருவர் முன்பின் பார்த்திராத மாதிரி மேடம் என்றும் சார் என்றும் குழைந்துகொண்டிருந்தார்கள். வெளியே கூழைக்கடா சிறகைக் கோதிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு பூநாரை வந்தது. கடல் தாண்டி வந்த வெளிநாட்டுப் பறவை. சொந்தமாகவே பறக்கத் தெரியும்தான். ஆனால் அலுவலகச் செலவில் வந்திருந்ததால் டிக்கெட் வாங்கியிருந்தது. வெள்ளை உடம்பையும் ரோஜா நிறக் காலையும் பார்த்ததுமே சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். சீமைமொழிக்கு உண்டான ஆள் வந்துவிட்டது!

"வணக்கம் ஐயா. மலைக்கு அப்பால் செல்ல வேண்டும். எவ்வழி ஏக வேண்டும் என அருள்கூர்ந்து கூறுவீர்களா?" என்றது பூநாரை, சுத்தமான காட்டுமொழியில்.

சென்னியப்பனுக்கு விதிமுறை ஞாபகம் இருந்தது. பயணி ஆரம்பித்த மொழியில்தான் முடிக்க வேண்டும். ஆனால் வெள்ளைக்காரப் பறவையிடம் போய்க் காட்டுமொழியில் பேசினால் நாளைக்கு நாலு பேர் என்ன சொல்வார்கள்? அந்த விதி வெள்ளை இறகுக்குப் பொருந்தாது என்று அவனாகவே முடிவுசெய்தான்.

"குட் மார்னிங் சார். வெல்கம். கைண்ட்லி ப்ரொசீட்..."

பூநாரை ஒற்றைக்காலில் நின்று யோசித்தது. "பொறுத்தருள்க. தாங்கள் பேசும் மொழி எனக்குத் தெரியாது. எங்கள் நாட்டில் பேசுவது வேறு. இங்கே வர வேண்டும் என்று ஆசைப்பட்டுக் காட்டுமொழி பயின்று வந்தேன்." பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, மிகுந்த பணிவோடு கேட்டது: "இங்கே காட்டுமொழி அறிந்தவர் எவரேனும் இருக்கிறார்களா?"

ஓணான் ஆட்டைப் பார்த்தான். ஆடு ஓணானைப் பார்த்தாள்.

"நோ," என்றான் சென்னியப்பன்.

"நோ, நோ," என்றாள் பாவாயி.

"அந்தோ," என்று பெருமூச்சு விட்டது பூநாரை. சுற்றுமுற்றும் பார்த்தது. சுவரில் ஒரு மூலையில், யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்பதுபோல் சின்னதாகக் காட்டுமொழியில் எழுதியிருந்த பலகை அதன் கண்ணில் பட்டது. புதிதாகப் படிக்கக் கற்றுக்கொண்டவர்கள் செய்வதுபோல் எழுத்தெழுத்தாக, உரக்கப் படித்தது.

"மலைக்கு அப்பால் செல்லும் கூழைக்கடா. மூன்றாம் வாசல். வலப்புறம். ஆகா, நன்று!"

இரண்டு எட்டில் வலப்புறம் திரும்பிப் போய்விட்டது.

பாவாயிக்குக் காது இரண்டும் விறைத்துக்கொண்டன. அவளுக்கு வேண்டியது அத்தனையும், அவளுடைய சொந்த மொழியில், கணீரென்று காதில் விழுந்துவிட்டது. ஓட வேண்டியதுதான் பாக்கி. முன்னங்காலைத் தூக்கியும் விட்டாள். ஆனால் காட்டுமொழி தெரியாது என்று இப்போதுதானே சொன்னாள்? அந்த அறிவிப்பைக் கேட்டு ஓடினால், தெரிந்துகொண்டே பொய் சொன்னாள் என்று ஆகிவிடாதா? தூக்கிய காலை அப்படியே கீழே வைத்தாள்.

சென்னியப்பன் அந்தக் காலைப் பார்த்தான். 'ஓடுக்கா, ஓடு' என்று நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. தூணுக்குப் பின்னால் மேலாளரின் முட்கள் தெரிந்தன.

"ஹேவ் எ ப்ளெசன்ட் ஜர்னி, மேடம்," என்றான்.

"நோ ப்ராப்ளம்," என்றாள் பாவாயி.

தலைக்கு மேலே கூழைக்கடா பறந்துபோகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு அந்தப் பக்கம் போக அது ஒன்றுதான். இரண்டு பேரும் கூரையை நிமிர்ந்து பார்த்தார்கள். பாவாயியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. வேலை போனது போனதுதான் என்று சென்னியப்பனுக்குத் தெரிந்துவிட்டது; அதைவிடவும், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

முள்ளம்பன்றி உருண்டு வந்து சேர்ந்தார். பயணி நிற்கிறார், கூழைக்கடா போய்விட்டது, கண்ணில் நீர் வேறு. முட்கள் எழத் தொடங்கின.

"மேடம், எங்க சேவையில ஏதாவது புகார் உண்டா? தாராளமாச் சொல்லலாம்."

பாவாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேலாளரிடம் சொல்வதற்கு நாலு வார்த்தை போதாது. ஆகவே வேறு வழியில்லாமல் காட்டுமொழியில், ரொம்பவும் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"புகாருங்களா? அய்யோ, இவரையாட்ட ஆளு கிடைக்கோணுமே சார். எத்தனை நேரம் பேசுனாரு தெரியுங்களா? ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியலீங்க. அத்தனை நல்லாப் பேசுனாரு. இந்த மாதிரி மரியாதைய நான் எங்கயும் பார்த்ததில்லைங்க."

முட்கள் அத்தனையும் படிந்துவிட்டன. அங்கேயே, நின்ற இடத்திலேயே, சென்னியப்பனின் வேலை நிரந்தரமானது. அந்த மாதத்தின் சிறந்த ஊழியர் என்று புகைப்படமும் எடுத்தார்கள். தலையை ஆட்டிக்கொண்டே இருந்ததால் படம் கலங்கலாக விழுந்தது.

சாயங்காலம் வேலை முடிந்து அவன் வெளியே வந்தபோது, வாசல் டீக்கடை ஓரமாகப் பாவாயி படுத்திருந்தாள். தழைக்கட்டு வாடிப்போயிருந்தது. கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"என்னை மன்னிச்சுருக்கா."

"அட, போடா சென்னி. எத்தனை நாளா உன்னைய எனக்குத் தெரியும்."

"உள்ள எனக்காகத்தான் அப்படிச் சொன்னியா? எம் பொழப்புப் போயிரக் கூடாதுன்னு?"

பாவாயி அசைபோடுவதை நிறுத்தினாள். "உனக்காக எங்கடா? புரியலைன்னு சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு. நீ ஏண்டா நம்ம பேச்சுல ஒரு வார்த்தை சொல்லலை?"

"எனக்குப் பயமா இருந்துச்சுக்கா."

அவளுடைய செல்போன் அடித்தது. மலைக்கு அந்தப்புறத்திலிருந்து மருமகன். மகள் இரட்டைக் குட்டி போட்டிருந்தாள். வலியில் கிடந்தபோதெல்லாம் அம்மா அம்மா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாளாம். பாவாயி விம்மி அழுதாள். சென்னியப்பனும் அழுதான். போனில் மருமகன், வராமல் போனதற்கு என்ன காரணம் என்று கேட்டான்.

"அதையேன் கேக்கறீங்க மாப்ளை," என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்து நின்றாள் பாவாயி. குரல் கெட்டிப்பட்டது. "ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டுக்குங்க. குட்டிக ரெண்டுகிட்டயும் இன்னிக்கிருந்தே சீமைமொழியில பேசுங்க. நம்ம பேச்சு அதுங்க காதுலயே உழுகக் கூடாது. நாளைக்கு ஏர்ப்போர்ட்ல நின்னு வழி கேக்கோணுமல்ல!"

பிறகு போனை முன்னங்காலால் பொத்திக்கொண்டு, "ஏண்டா சென்னி, காசு வேணும்னாலும் வாங்கிக்கோ, நீயே வந்து சொல்லிக்கொடுக்கறயா?" என்றாள்.

சென்னியப்பன் தலையை ஆட்டினான்.

நீதி: வழி, மரியாதை இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் மரியாதையை வாங்கிக்கொள்க, வழி கேட்டவர் போய்ச் சேர்ந்தாரா என்று எந்த மொழியிலும் யாரும் கேட்கப்போவதில்லை.